அப்பாயி சட்டிக்கு வந்த வேறு முயல்

தில்லை நகரில் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு குறுக்குச் சாலையில் நடந்து போனால் போதும், எந்த வீட்டில் என்ன கொதிக்கிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடலாம். ஆட்டுக்கறிக்கு ஒரு வாசம், நாட்டுக்கோழிக்கு ஒரு வாசம், குழுமணி சாலை மார்க்கெட்டிலிருந்து வந்த மீனுக்கு ஒரு வாசம். போன ஐப்பசியில் ஒரு ஞாயிறு, எங்கள் வீட்டு வாசத்தை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. மாடி வீட்டு அம்மா படியிறங்கி வந்தே கேட்டுவிட்டார். முயல் என்றதும் அவர் முகம் போன போக்கு!

“ஐயோ, ஃபாரெஸ்ட்காரங்க புடிச்சிட்டுப் போயிடுவாங்களே சார்.”

“வளர்ப்பு முயல்தாம்மா. பண்ணையில வாங்குனது.”

வாங்கி வந்தவன் என் மச்சினன். மணப்பாறைப் பக்கம் ஒரு பண்ணையில் உரித்து, சுத்தம் செய்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, “மாமா, சின்ன வயசுல சாப்புட்டேன் சாப்புட்டேன்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்களே” என்று மேசையில் வைத்தான். வீட்டில் அம்மணி கை வைக்க மறுத்துவிட்டாள். பேத்தி வளர்க்கக் கேட்ட பிராணியைத் தாளிக்க அவளுக்கு மனம் வரவில்லை, அது நியாயம்தான். ஆகவே நானே இறங்கினேன். அப்பாயி செய்த முறை எனக்கு அடி முதல் நுனி வரை ஞாபகம் இருந்தது. மிளகு, சீரகம், சோம்பு, பூண்டு, நல்லெண்ணெய், ஒன்றரை மணி நேரம் நிதானமான தீ. ஒன்றையும் விடவில்லை.

அன்று மதியம் அந்தக் கறியைச் சாப்பிட்ட நாலு பேரும் தண்ணீர்தான் நிறையக் குடித்தோம். வாயில் போட்டால் வைக்கோல். குழம்பு மட்டும் தேவாமிர்தம். அப்பாயி முறையில் தப்பு இருக்க முடியாது என்று ஒரு வாரம் சாதித்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்களே, அந்தக் கதை. பிறகுதான் உறைத்தது: முறை சரி, முயல்தான் வேறு.

அப்பாயி சமைத்த காலம் அறுபதுகளின் கடைசி. துவரங்குறிச்சியை ஒட்டிய எங்கள் ஊரில் பாதி கடலைக் கொல்லை, பாதி கரடு. கொல்லை ஓரம் இராத்திரி மேய வரும் முயலுக்குப் பிடரியில் ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். மண் நிறத்து உடம்பு. இது வளை தோண்டாது. புதரடியில் உடம்பு அளவுக்கு ஒரு பள்ளம் அமுக்கிக்கொண்டு அதில் படுத்திருக்கும். காலடியில் மிதிபடப் போகிற கடைசி நொடிவரை அசையாது. எழுந்து ஓடினால் நாய்க்கு நாக்குத் தள்ளும். வேட்டைக்கு ஒருவர் தனியாகப் போனதில்லை. நாலைந்து ஆள், இரண்டு நாய், புதரைச் சுற்றிக் கட்ட ஒரு வலை. பெரும்பாணாற்றுப்படையில் கானவர்கள் நாயை விட்டுப் புதரைக் கலைத்து வலை கட்டி முயலை மடக்கும் காட்சி ஒன்று உண்டு. அதைக் கல்லூரியில் படித்தபோது இரண்டாயிரம் வருஷத்துச் சங்கதியாகவே எனக்குத் தோன்றவில்லை. எங்கள் சித்தப்பாக்கள் செய்ததுதான் அது, அச்சு அசலாக.

பிடித்து வந்த முயலை யாரும் உரிக்க மாட்டார்கள். வைக்கோலைக் கொளுத்தி, காலைப் பிடித்துத் திருப்பித் திருப்பி மயிர் கருக வாட்டி, மொட்டைக் கத்தியால் சுரண்டி, மஞ்சள் பூசி மறுபடியும் ஒரு வாட்டு. தோலோடுதான் கறி. வைக்கோல் புகை அந்தத் தோலில் ஏறியிருக்கும். அப்புறம் கூறு போடுவார்கள். போனவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கூறு, வலைக்காரருக்குக் கூட ஒன்று, நாய்களுக்குக் குடல். ஒரு முயல் இரண்டு, மூன்று கிலோ இருந்தால் பெரிசு. எங்கள் பங்குக்கு வந்தது அரைக் கிலோகூட இருக்காது. வீட்டில் பத்துப் பேர். அப்பாயிக்கு அது கறியில்லை, பத்துப் பேர் களிக்கு ஊற்றிக்கொள்ள வேண்டிய குழம்புக்கு வாசனை. அந்தக் கணக்கில்தான் முறையே பிறந்தது. மசாலாவை அம்மியில் கெட்டியாக அரைத்து, மண்சட்டியில் மூன்று கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கறி மூழ்க மூழ்கத் தண்ணீர் ஊற்றி, மூடி, இரண்டு சுள்ளி மட்டும் எரியவிட்டு மாட்டைக் கட்டப் போய்விடுவாள். ஓடி ஓடி இறுகின கறி அது. ஆட்டு ஈரல் மாதிரிக் கருஞ்சிவப்பு. அவசரப்பட்டால் பல்லுக்கு வேலை. நேரம் ஆக ஆகத்தான் தோல் கரைந்து குழம்பில் பசை ஏறும், சதை நாராகப் பிரியும்.

மூன்று கரண்டி எண்ணெய்க்கும் காரணம் இருந்தது. முயல் கறியில் கொழுப்பு என்பது பேருக்குத்தான். கனடாவின் வடபகுதியில் குளிர்காலத்தில் வேறு எதுவும் கிடைக்காமல் முயலையே தின்று கிடந்தவர்களுக்கு வயிறு நிறையத் தின்றும் பசி அடங்காது, வயிற்றுப்போக்கு வரும், ஆளே சுருண்டுவிடுவார்கள் என்று ஸ்டெஃபான்சன் என்ற துருவப் பயணி எழுதி வைத்திருக்கிறார். ‘முயல் பட்டினி’ என்றே அதற்குப் பெயர். கொழுப்பில்லாத கறியை மட்டும் உண்டு மனித உடம்பு தாங்காது. அப்பாயிக்குக் கனடா தெரியாது. முயலுக்கு எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது என்பது தெரியும். சீமையில் வெள்ளைக்காரன் செய்ததும் இதுதான். முயலைத் துண்டு போட்டு ஜாடியில் அடைத்து, ஜாடியைக் கொதிநீரில் இறக்கி மணிக்கணக்காக வேகவிட்டு, கடைசியில் அதன் ரத்தத்தையே ஊற்றிக் குழம்பைக் கெட்டியாக்குவான். ஊருக்கு ஊர் மசாலா வேறு. காட்டு முயலுக்கு நேரமும் பசையும் வேண்டும் என்பதில் எல்லாப் பாட்டிகளும் ஒரே கட்சி.

(ரத்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. முயல் ரத்தம் தேய்த்தால் முடி வளரும் என்று எண்ணெய் புட்டி விற்றவர்களை மலைக்கோட்டை வாசலில் நானே பார்த்திருக்கிறேன். விற்றவர் தலையில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள்.)

மச்சினன் கொண்டு வந்த முயலின் கதைக்கு வருவோம். நாம் இரண்டையும் ‘முயல்’ என்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரண்டு சொல் உண்டு. தமிழுக்கு அது தேவைப்படவே இல்லை, நம் மண்ணில் ஒன்றுதானே இருந்தது. ஆனால் உறவு என்று பார்த்தால் ஆடும் மாடும் போலத்தான். காட்டு முயலுக்கு 48 குரோமோசோம், கூண்டு முயலுக்கு 44. இரண்டையும் ஒரே கூண்டில் விட்டாலும் குட்டி பிறக்காது. காட்டு முயல் நாற்பது நாளுக்கு மேல் சுமந்து, மயிரோடும் திறந்த கண்ணோடும் ஒன்றிரண்டு குட்டி போடும். கூண்டு முயல் 30, 31 நாளில் கண் மூடிய, மயிரில்லாத, சுண்டுவிரல் மாதிரிக் குட்டிகளை ஆறும் எட்டுமாகப் போட்டுத் தள்ளும். அதன் மூதாதை வளை தோண்டி அதற்குள் கூட்டமாக வாழ்ந்தது. அதனால்தான் குட்டி அவ்வளவு அவசரமாக வந்தாலும் பிழைத்தது.

அந்த மூதாதையின் ஊர் ஸ்பெயின். ரோமானியர்கள் அதைச் சுவர் எழுப்பிய தோட்டங்களில் அடைத்து வைத்து, வேண்டியபோது பிடித்துத் தின்றார்கள். கி.பி. 600 வாக்கில் போப்பாண்டவர் முயல் சிசுவை மீன் கணக்கில் சேர்த்து, நோன்பு நாளிலும் சாப்பிடலாம் என்று அனுமதித்தார், அதனால்தான் மடங்களில் முயலைப் பழக்கினார்கள் என்று ஒரு சுவாரசியமான கதை புத்தகத்துக்குப் புத்தகம் நகலாகி வந்தது. 2018-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏடுகளைப் புரட்டிப் பார்த்து அப்படி ஓர் உத்தரவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நல்ல கதைகளுக்கு இதுதான் கதி. எப்படியோ, முயல் மெல்ல மெல்ல ஐரோப்பாவின் கொல்லைப்புறத்துக்கு வந்து சேர்ந்தது. மால்ட்டா தீவில் இன்றைக்கும் வைன் ஊற்றிச் சமைக்கிற முயல் கறிதான் விசேஷச் சாப்பாடு. வலென்சியாவின் பாயெல்யா சோற்றில் முயல் இல்லாவிட்டால் உள்ளூர்க்காரன் கோபித்துக்கொள்வான்.

கப்பல் ஏறியதும் வினை ஆரம்பித்தது. தாமஸ் ஆஸ்டின் என்ற ஆங்கிலேயப் பண்ணையார் ஆஸ்திரேலியாவில் இருந்துகொண்டு, சுட்டு விளையாட ஊரிலிருந்து முயல் அனுப்பச் சொன்னார். 1859 கிறிஸ்துமஸ் அன்று 24 முயல்கள் மெல்போர்ன் வந்து இறங்கின. கண்டம் முழுக்க மேய்ந்து அழித்த முயல் படையின் பெரும்பகுதி அந்த ஒரு கப்பலின் வாரிசு என்று 2022-ல் மரபணுவை வைத்தே நிறுவினார்கள். நம் கரும்பிடரி முயலும் ஒன்றும் சளைத்ததில்லை. யாரோ கப்பலில் ஏற்றி மொரிஷியஸில் விட்டிருக்கிறார்கள். அது அங்கே அடக்கமாகத்தான் இருக்கிறது.

கூண்டுக்குள் இருந்த முயல் வேறு வழியில் போனது. கறிக்கென்றே பெருக்கிய வெள்ளை இனம் ஒன்றுக்கு ‘நியூசிலாந்து வெள்ளை’ என்று பெயர்; பிறந்தது அமெரிக்காவில். ‘சோவியத் சின்சில்லா’ ரஷ்யாவிலிருந்து வந்தது. நாடு போய்விட்டது, பெயர் கூண்டில் இருக்கிறது. இவையெல்லாம் இந்தியாவுக்கு அரசாங்க விருந்தாளியாகவே வந்தன. ராஜஸ்தான் அவிகாநகரில் 1962-ல் தொடங்கிய மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிறுவனம், ஆட்டோடு முயலையும் கையில் எடுத்தது. அதன் தென்மண்டல மையம் கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில். வெயில் தாங்காத பிராணிக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொண்டது. அங்கே பெருகிய குட்டிகள் ஜோடி ஜோடியாக மலையிறங்கின. திருச்சி வெயிலில் ஓலைக் கொட்டகை, நனைத்த சாக்கு, கம்பிக் கூண்டு என்று ஆளுக்கொரு உபாயம் செய்து வளர்த்தார்கள். தீவனத்துக்கு முயல் மசால் என்று ஒரு செடி இருக்கிறது. பெயரைக் கேட்டுச் சமையலுக்கு என்று நினைத்துவிடாதீர்கள், அது பயறு வகைத் தழை. நடுவே ‘குட்டியைத் திரும்ப நாங்களே எடுத்துக்கொள்கிறோம்’ என்று ஜோடிகளைத் தலையில் கட்டிவிட்டு மறைந்த ஆசாமிகளும் உண்டு. தப்பிப் பிழைத்த பண்ணைகளில் ஒன்றில்தான் மச்சினன் வாங்கியது.

ஆக, என் மேசைக்கு வந்தது ஸ்பெயினில் வேர்விட்டு, அமெரிக்காவோ ரஷ்யாவோ சுற்றி, மன்னவனூர் வழியாக மணப்பாறைக்கு வந்த பிராணி. வயது மூன்று மாதம். எடை இரண்டு கிலோ. வாழ்நாளில் பத்தடி ஓடியிருக்காது. கறி கோழி மாதிரி வெளிறி, மெத்தென்று. தோல் கிடையாது, உரித்துவிட்டார்கள். அதைக் கொண்டுபோய், பத்து மைல் ஓடும் பிராணிக்கு அப்பாயி வைத்த ஒன்றரை மணி நேரத் தீயில் வைத்தேன். வைக்கோலாகாமல் என்ன செய்யும்?

அப்பாயி சமைத்த முயலை இனி யாரும் சமைக்கக் கூடாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வெள்ளைக்காரன் 1912-ல் போட்ட வனப் பறவை, விலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே முயல் பட்டியலில் இருந்தது. ஆனால் அது தடைக் காலத்தில் வேட்டையாடாதே என்கிற அளவோடு நின்றது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிமம் இல்லாத வேட்டையைக் குற்றம் ஆக்கியது, 1991 திருத்தம் அந்த உரிமத்தையும் எடுத்துவிட்டது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் கரும்பிடரி முயல் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கறி வாங்குகிறவரும், வீட்டில் வைத்திருப்பவரும் வழக்கில் மாட்டுவார்கள். ‘எனக்குத் தெரியாது, கொடுத்தார்கள்’ என்று தப்பிக்க முடியாது. மாடி வீட்டு அம்மாவின் பயம் வெறும் பயமில்லை. மாசி பங்குனியில் சில ஊர்களில் சாமி பேரைச் சொல்லிப் பாரிவேட்டைக்குக் கிளம்புகிறவர்களும், ஹெட்லைட் கட்டிக்கொண்டு இராத்திரியில் பைக்கில் போகிறவர்களும் ஆண்டுதோறும் பிடிபடுகிறார்கள். அந்த லைட்டைக் கண்டால் முயல் நின்ற இடத்திலேயே உறைந்து நிற்கும். நாலு ஆளும் வலையும் ஓட்டமும் இருந்த இடத்தில் இப்போது ஒரு பேட்டரி. அதற்கு வேட்டை என்று பேர் வைப்பதே எனக்குக் கூசுகிறது. சும்மாவா யானைக்குத் தப்பிய வேலையும் முயலைத் தைத்த அம்பையும் தராசில் வைத்தார் வள்ளுவர்!

வளர்ப்பு முயலுக்கும் சட்டத்தில் ஒரு கண்டம் இருந்தது. உணவுப் பாதுகாப்பு விதிகளில், அறுக்கலாம் என்று சொன்ன பிராணிகளின் பட்டியலில் முயல் பெயர் இல்லாமல் போய், பண்ணைக்காரர்கள் கொஞ்ச காலம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பின்னர் வளர்ப்பு முயல் அதன் லத்தீன் பெயரோடு பட்டியலில் ஏறியது. ஓரிக்டோலாகஸ் குனிகுலஸ். தமிழால் பிரிக்க முடியாத இரண்டு முயலையும் லத்தீன் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

இரண்டாம் தடவை தை மாதத்தில் செய்தேன். இந்த முறை முயலைக் கேட்டுச் சமைத்தேன், அதை எழுதுகிறேன்.

முதலில் வயது கேட்டு வாங்குங்கள். மூன்று, நாலு மாதத்து முயலுக்குத்தான் இந்தக் கணக்கு. ஈற்று முடிந்து கழித்துவிட்ட தாய் முயலைத் தள்ளிவிட்டால் அதற்கு இன்னும் நேரம் வேண்டும். வெட்டும்போது கோழி மாதிரிக் கட்டையில் வைத்துக் கொத்த விடாதீர்கள். முயல் எலும்பு மெல்லிசு. சிலும்பு சிலும்பாக உடைந்து தொண்டையில் நிற்கும், குழந்தைகள் சாப்பிட்டால் ரொம்பக் கவனம். மூட்டு மூட்டாகக் கத்தியால் பிரிக்கச் சொல்லுங்கள். பின்தொடை இரண்டு, முன்கால் இரண்டு, நடுமுதுகு மூன்று துண்டு. முதுகின் மேல் வெள்ளையாக ஒட்டியிருக்கும் சவ்வை நீக்கிவிடுங்கள். அது இருந்தால் வேகும்போது கறியைச் சுருக்கி இழுக்கும். ஈரல் பெரிசாக இருக்கும், அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

துண்டுகளில் உப்பு, மஞ்சள், புளிக்காத தயிர் தடவி இரண்டு மணி நேரம் ஊற விடவேண்டும். தோல் செய்த வேலையைத் தயிர் கொஞ்சம் செய்கிறது. மசாலா அப்பாயியுடையதேதான்: மிளகு, சீரகம், சோம்பு, மல்லி, நாலு வரமிளகாய், கை நிறையப் பூண்டு. அம்மி மாடியில் துளசிக்கு முட்டாகப் போய்விட்டது, ஆகவே மிக்சி. நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் நன்றாகச் சிவந்து, அரைத்த மசாலா பச்சை வாசம் போய் எண்ணெய் பிரிந்த பிறகுதான் கறி. அப்பாயி கறியை முதலில் போட்டாள், நான் கடைசியில் போடுகிறேன். தலைகீழ் மாற்றம் இது ஒன்றுதான். தண்ணீருக்குப் பதில் இரண்டாம் தேங்காய்ப் பால் ஊற்றினால் இல்லாத கொழுப்புக்கு ஈடு. மண்சட்டி என்றால் மூடிபோட்டுச் சின்னத் தீயில் முப்பது, முப்பத்தைந்து நிமிடம். இறக்கும்போது கெட்டிப் பால், ஒரு தேக்கரண்டி பச்சை நல்லெண்ணெய். வறுவல் வேண்டும் என்பவர்கள், வெந்த துண்டை எடுத்து மிளகுத் தூளில் ஒரு புரட்டு புரட்டினால் போதும். பச்சைக் கறியை நேரே எண்ணெயில் போட்டால் மறுபடியும் வைக்கோல். ஈரலை மட்டும் மிளகும் உப்பும் போட்டு இரண்டு நிமிடம் வதக்கி, அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டுவிட வேண்டும். அது சமைத்தவனுக்கு உள்ள கூறு.

வைக்கோல் புகை வாசத்துக்கு மட்டும் வழி கண்டுபிடிக்க முடியவில்லை. தேங்காய்ச் சிரட்டைக் கங்கு வைத்து மூடிப் பார்த்தேன். கல்யாண வீட்டுப் பிரியாணி வாசம்தான் வந்தது.

கேப்பக்களி கிண்டினேன். அம்மணி குழம்பை மட்டும் தொட்டுக்கொண்டாள். மச்சினன் மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, “கோழி மாதிரி இருக்கு மாமா” என்றான். அது பாராட்டுதான். எனக்குக் கொஞ்சம் வலித்தது; அவன் சொன்னது சரி என்பதால்.

யாராவது பையைக் காட்டி, “ஒரிஜினல் காட்டு முயல் சார், உங்களுக்காகத்தான்” என்று சொன்னால் கதவைச் சாத்துங்கள். அது கரட்டில் கடலைக் கொடி கொறிக்கட்டும். பண்ணை முயல் என்றால் தாராளமாக வாங்குங்கள். குக்கரில் வைப்பதாக இருந்தால் இரண்டு விசில். மூன்றாவது வேண்டாம்.